ஸ்கைரிமில் ஸ்மிதிங், என்சாண்டிங், அல்கெமி: மூன்றையும் சேர்த்து 100-க்குக் கொண்டுபோகும் வரிசை

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமுக்குப் புதிதாக வருபவர்கள் ஸ்மிதிங்கை ஏற்ற வேண்டும் என்றதும் உலைக்குப் பக்கத்தில் நின்று அயர்ன் டாகராக (இரும்புக் குத்துவாள்) அடித்துத் தள்ளுவார்கள். இருநூறு டாகர் சேரும். வாங்க ஆளிருக்காது, பையில் இடமிருக்காது, வெளியே போனால் ஓநாய்க்குப் பதில் பெரிய எதிரி நிற்கும். டாகர் அடித்தது தவறே இல்லை. ஸ்மிதிங் (ஆயுதமும் கவசமும் அடிப்பது), என்சாண்டிங் (பொருளில் மந்திரம் ஏற்றுவது), அல்கெமி (மருந்து காய்ச்சுவது) என்ற மூன்று கைத்தொழில்களையும் தனித்தனியாக ஏற்றப் பார்த்ததுதான் தவறு.

இங்கே சொல்லப்போகும் முறையில் நீங்கள் செய்யும் பொருள் ஒவ்வொன்றும் மூன்று இடம் கடந்த பிறகே கையை விட்டுப் போகும். உலையில் ஸ்மிதிங், மந்திர மேசையில் என்சாண்டிங், கடையில் காசு. அந்தக் காசு அடுத்த சுற்றுக்கான சரக்கு.

1. தொடங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

ஒரு திறன் எந்த எண்ணுக்கு ஏறுகிறதோ, அந்த எண்ணே கேரக்டர் லெவலுக்கான புள்ளியாகச் சேரும். ஸ்மிதிங் 15-லிருந்து 16 ஆனால் 16 புள்ளி, 99-லிருந்து 100 ஆனால் 100 புள்ளி. அடுத்த கேரக்டர் லெவலுக்கு எவ்வளவு வேண்டும் என்றால், இப்போதைய லெவலை 25-ஆல் பெருக்கி 75 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்மிதிங்கை மட்டும் 15-லிருந்து 100-க்குக் கொண்டுபோனால் 4,930 புள்ளி. லெவல் 1-ல் இருந்தவர் வாளைத் தொடாமலே 17-ஆம் லெவலில் நிற்பார். மூன்று கைத்தொழிலும் 100 என்றால் 14,790 புள்ளி, அதாவது லெவல் 32.

எதிரிகள் உங்கள் லெவலைப் பார்த்து வருகிறார்கள், வாள்வீச்சைப் பார்த்து அல்ல. "கிராஃப்டிங் ஏற்றினேன், கேம் கஷ்டமாகிவிட்டது" என்று புலம்புபவர்களின் பிரச்சினை இதுதான். தீர்வு 9-ஆம் பகுதியில் இருக்கிறது. அதைப் படிக்காமல் 50-ஐத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று. உலையில் செய்யும் பொருளின் விலையைப் பொறுத்துத்தான் ஸ்மிதிங் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைக்கும். எதை அடித்தாலும் ஒன்றுதான் என்று சொல்லும் பழைய வீடியோக்கள், 2012-ல் வந்த 1.5 அப்டேட்டுக்கு முந்தையவை. ஆனால் விலை இரட்டித்தால் எக்ஸ்பியும் இரட்டிக்காது. 10 காசு விலையுள்ள அயர்ன் டாகரைவிட 75 காசு விலையுள்ள தங்க மோதிரம் சுமார் இரண்டு மடங்கு தரும். 270 காசு ட்வார்வன் போ (வில்) மூன்றரை மடங்கு அளவில் தரும்.

தோலைப் பதப்படுத்துவதற்கும் தாதுவை உருக்குவதற்கும் எக்ஸ்பி இல்லை. உலை, சாணைக்கல், கவசம் சீராக்கும் மேசை, இந்த மூன்றில் நடக்கும் வேலைக்கு மட்டுமே.

2. இடமும் ஆயத்தமும்

வைட்ரன் நகரைத் தளமாக வைத்துக்கொள்ளுங்கள். நகர வாசலை ஒட்டியே வார்மெய்டன்ஸ் கடை; உலை முதல் உருக்கும் அடுப்பு வரை எல்லாம் அங்கே உண்டு. மேலே ஆர்கேடியாவின் கடையில் அல்கெமி மேசை. டிராகன்ஸ்ரீச் அரண்மனையில் மந்திரவாதி ஃபாரெங்கர் அறையில் என்சாண்டிங் மேசை, அவரிடமே சோல் ஜெம்மும் (ஆன்மாவை அடைக்கும் கல்) கிடைக்கும். ரிவர்வுட் கிராமத்தில் உலை இருக்கிறது, உருக்கும் அடுப்பு இல்லை. தாதுவைச் சுமந்துகொண்டு அங்கே போய் நிற்பவர்கள் ஏராளம்.

ரிவர்வுட்டுக்கு ஒரு பயன் உண்டு. கொல்லன் ஆல்வோரிடம் வேலை கற்றுக்கொடுக்கக் கேட்டால், டாகர் செய்யவும் சாணை பிடிக்கவும் தேவையான பொருளை அவரே தருவார். முதல் சில எக்ஸ்பி செலவில்லாமல் கிடைக்கும்.

பொருள் வைக்கச் சொந்தப் பெட்டி வேண்டும். வைட்ரனில் பிரீஸ்ஹோம் வீடு 5,000 காசு. அதுவரை கடைவாசல் பீப்பாய்களில் எதையும் போடாதீர்கள். அவை சில நாளில் தானாகப் புதுப்பிக்கப்படும், உங்கள் சரக்கு மறைந்துவிடும்.

ஹெல்கனிலிருந்து ரிவர்வுட் வரும் சாலையோரம் மூன்று கார்டியன் கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பிரிவுத் திறன்களை 20 சதவீதம் வேகமாக ஏற்றும். ஸ்மிதிங்குக்கு வாரியர் கல், என்சாண்டிங்குக்கு மேஜ் கல். அல்கெமிக்கு தீஃப் கல். மருந்து காய்ச்சுவது மந்திரவாதி வேலை என்று நினைத்து மேஜ் கல்லைத் தொட்டுவிட்டு அல்கெமியில் உட்கார்வது அடிக்கடி நடக்கிற பிழை. எந்த வேலையைச் செய்யப்போகிறீர்களோ அதற்கு முன் கல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூக்கம். வாடகைப் படுக்கையிலோ சொந்தப் படுக்கையிலோ தூங்கினால் 8 மணி நேரத்துக்கு எல்லாத் திறனும் 10 சதவீதம் வேகமாக ஏறும். பேனர்ட் மேர் விடுதியில் ஓர் இரவு 10 காசு. கல்யாணமாகி, துணை இருக்கும் வீட்டில் தூங்கினால் 15 சதவீதம். ஓநாய் மனிதனாக மாறியவருக்குத் தூக்கப் பலன் எதுவும் கிடையாது.

கேமின் 8 மணி நேரம் என்பது நம் கடிகாரத்தில் 24 நிமிடம். அதனால் வரிசை முக்கியம்: சரக்கு முழுவதையும் சேர்த்து, உருக்கி, தோலை வெட்டி எல்லாம் தயாராக வைத்துவிட்டு, கடைசியாகத் தூங்கி எழுந்து நேரே உலைக்குப் போங்கள். தூங்கி எழுந்து சுரங்கம் கிளம்பினால் பலன் வழியிலேயே தீர்ந்துவிடும்.

3. முதல் காசு: அல்கெமி, அளவாக

ஆரம்பத்தில் அல்கெமி செய்வது காசுக்காக மட்டும். முழுவீச்சில் ஏற்றுவது பிற்பாடு. காரணம் 8-ஆம் பகுதியில் வரும்.

வைட்ரனைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கோதுமை விளைகிறது. பறிக்கலாம், திருட்டு ஆகாது. சாலையோரம் எங்கும் புளூ மவுண்டன் ஃப்ளவர் பூத்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் ரெஸ்டோர் ஹெல்த் (உயிர்பலத்தை மீட்பது), ஃபார்ட்டிஃபை ஹெல்த் (அதைக் கூட்டுவது) என இரண்டு பலன் உள்ள மருந்து. பத்துப் பதினைந்து செய்தால் ஒரு பகுதியை விற்கலாம், மிச்சம் சுரங்கத்தில் கைகொடுக்கும்.

அதே நீலப் பூவை புளூ பட்டர்ஃபிளை விங்குடன் சேர்த்தால் ஃபார்ட்டிஃபை கான்ஜரேஷன் வரும். ஆனால் அந்தச் சிறகைச் செலவழிக்காதீர்கள். கடைசிக் கட்டத்துக்கு அதுதான் வேண்டும்.

பொருளைத் தின்று பார்த்தால் அதன் முதல் பலன் மட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சேர்த்துப் பார்த்தால், பொருத்தம் இல்லாதபோது இரண்டும் வீணாகும். அல்கெமிஸ்ட் பெர்க்கின் (பெர்க் என்பது லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளியில் எடுக்கும் சிறப்புத் திறமை) முதல் படியை உடனே எடுத்துவிடுங்கள். மருந்தின் வலு கூடினால் விலை கூடும், விலை கூடினால் எக்ஸ்பி கூடும்.

4. இரும்பைத் தங்கமாக்குவது

வைட்ரனுக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்ப் என்ற கொள்ளையர் முகாம். அதன் சுரங்கத்துக்குள் டிரான்ஸ்மியூட் மந்திரப் புத்தகமும், கூடவே இரும்புத் தாதுப் பாறைகளும் இருக்கின்றன. முழு வழிகாட்டியில் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள்.

ஒரு பிக்காக்ஸ் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பாறையும் 3 தாது தரும். வெட்டி முடித்ததும் மந்திரத்தை ஆரம்பியுங்கள். ஒருமுறை போட்டால் ஓர் இரும்புத் தாது வெள்ளித் தாதுவாகும். இன்னொரு முறை போட்டால் அந்த வெள்ளி தங்கமாகும். இரண்டு தங்கத் தாதுவை உருக்கினால் ஒரு தங்கக் கட்டி. ஆக, ஒரு கட்டிக்கு 2 இரும்புத் தாது, 4 முறை மந்திரம். 60 தாது இருந்தால் 120 முறை போட்டு 30 கட்டி.

இந்த மந்திரத்தின் அடிப்படைச் செலவு 88 மேஜிக்கா (மந்திர சக்தி). தொடக்க கேரக்டரின் 100 மேஜிக்காவில் ஒருமுறைதான் போட முடியும். நின்றுகொண்டு நிரம்பக் காத்திருக்க வேண்டாம். கேமின் காத்திருப்பு வசதியில் ஒரு மணி நேரம் வெயிட் கொடுத்தால் முழுக்க நிரம்பும். அல்லது வைட்ரனுக்கு நடந்து வரும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆல்டரேஷன் திறனும் சேர்ந்து ஏறும். ஏற ஏறச் செலவு குறையும்.

இங்கே இரண்டு பிழை நடக்கும். முதலாவது, தாதுவை உருக்கிக் கட்டியாக்கிவிட்டு மந்திரம் போடுவது. மந்திரம் தாதுவின் மேல்தான் வேலை செய்யும், கட்டியின் மேல் செய்யாது. இரண்டாவது, எல்லா இரும்பையும் தங்கமாக்குவது. அடுத்த கட்டத்தில் ஒரு வில்லுக்கு ஓர் இரும்புக் கட்டி வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இரும்பைத் தொடாமல் பெட்டியில் போட்டு வையுங்கள்.

5. ஸ்மிதிங் 15 முதல் 30 வரை

டாகருக்கு ஓர் இரும்புக் கட்டி, ஒரு தோல் வார். ஒரு லெதரிலிருந்து 4 வார் கிடைக்கும். ஓநாய்த் தோல் ஒன்றுக்கு ஒரு லெதர், மான் தோலுக்கு 2, கரடித் தோலுக்கு அதைவிட அதிகம். வேட்டையாடிய தோலை விற்காமல் வைத்திருந்தால் வார் வாங்கவே வேண்டாம்.

முதலில் கொஞ்சம் டாகர் செய்யுங்கள். இருபது முப்பது போதும். இவை என்சாண்டிங்குக்கான சரக்கு. ஒவ்வொன்றையும் சாணைக்கல்லில் ஒருமுறை தீட்டிவிடுங்கள், அதற்கும் எக்ஸ்பி உண்டு. பிறகு தங்கக் கட்டி எல்லாவற்றையும் மோதிரமாக்குங்கள். மோதிரத்தின் எடை 0.25 மட்டும். எவ்வளவு செய்தாலும் பை கனக்காது. இதுவே டாகரைவிட மோதிரம் மேல் என்பதற்குப் போதுமான காரணம்.

வைரம், மரகதம் கையில் இருந்தால் அப்படியே விற்காதீர்கள். தங்கக் கட்டியுடன் சேர்த்து நகையாக்கினால் விலையும் எக்ஸ்பியும் நன்றாகத் தாவும்.

பெர்க்கில் ஸ்டீல் ஸ்மிதிங்கை எடுங்கள். அதுதான் அடுத்த வாசல். 30 வந்ததும் ட்வார்வன் ஸ்மிதிங். எல்வன் பக்கம் அழகாக இருக்கிறதே என்று அங்கே பெர்க்கைப் போட்டால் இந்த முறை நின்றுவிடும். அதற்கு வேண்டிய மூன்ஸ்டோன் இந்த அளவுக்குக் குவியலாக எங்கும் கிடைக்காது.

6. ட்வெமர் இடிபாட்டில் எதை எடுப்பது, எதை விடுவது

ட்வெமர் (ட்வார்வன் பொருள்களைச் செய்த பழைய இனம்) இடிபாடு முழுக்க உலோகம் இறைந்து கிடக்கும். உள்ளே போனவர் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு, நகர முடியாமல் நிற்பார். எடுக்க வேண்டியது குறிப்பிட்ட சில சாமான்களே.

பென்ட் ட்வெமர் ஸ்கிராப் மெட்டல், ஸ்மால் ட்வெமர் பிளேட் மெட்டல்: இரண்டும் எடை 2, உருக்கினால் 3 கட்டி. இவற்றை ஒன்று விடாமல் எடுங்கள்.

சாலிட் ட்வெமர் மெட்டல் 5 கட்டி தரும், ஆனால் எடை 25. ஒரு கட்டிக்கு 5 எடை. மேலே சொன்னவற்றில் ஒரு கட்டிக்கு முக்கால் எடைகூட ஆகாது. பையில் இடம் மிஞ்சினால் மட்டும் எடுங்கள். பெரிய ஸ்ட்ரட் வகையறாவுக்கும் இதே நியாயம்.

ட்வெமர் காக், கியர், கைரோ, லீவர் இவற்றை உருக்கவே முடியாது. பார்க்க உலோகம்தான், கணக்கில் குப்பை. ஒரு காக் மட்டும் 10 எடை. கதையில் யாராவது கேட்டால் தவிர இதைத் தூக்காதீர்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு பலருக்கும் இடறும். எடை 2 உள்ள ஸ்கிராப்பை உருக்கினால் 3 கட்டி, ஒவ்வொன்றும் எடை 1. அதாவது உருக்கினால் எடை கூடும்! ஆகவே ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் அடுப்பில் உருக்கிச் சுமப்பதைவிட ஸ்கிராப்பாகவே கொண்டுவந்து, உலை இருக்கும் இடத்தில் உருக்குவதே நல்லது.

எங்கே போவது? மார்கார்த் நகருக்குக் கீழேயே நுவாண்ட்-செல் இருக்கிறது. நகரிலேயே அடுப்பும் உலையும் உள்ளதால் சுமை தூரம் குறைவு. ரிஃப்டனுக்கு மேற்கே அவாஞ்ச்செல். அங்கே போவதாக இருந்தால் முதலில் ரிஃப்டன் படகுத்துறையில் ஃபிரம்-டீப்பெஸ்ட்-ஃபாதம்ஸ் என்ற ஆர்கோனியன் பெண்ணிடம் பேசுங்கள். அவர் தரும் பொருளை அவாஞ்ச்செல்லின் அடியில் திரும்ப வைத்தால் கிடைக்கும் பலனில், ஸ்மிதிங் 15 சதவீதம் வேகமாக ஏறுவதும் ஒன்று. அது நிரந்தரம். வில் அடிக்கத் தொடங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். 100-ஐத் தொட்ட பிறகு கிடைத்து என்ன பயன்?

துணையாளை அழைத்துப் போங்கள். அவர் பை நிறைந்துவிட்டது என்று சொன்னால், பொருளைத் தரையில் போட்டுவிட்டு, கட்டளை கொடுத்து அதை எடுக்கச் சொல்லுங்கள். எடை வரம்பு பார்க்காமல் எடுத்துக்கொள்வார்.

7. ஸ்மிதிங் 30 முதல் 100 வரை: ட்வார்வன் போ

ஒரு வில்லுக்கு 2 ட்வார்வன் கட்டி, 1 இரும்புக் கட்டி. சாணைக்கல்லில் சீராக்க இன்னும் 1 ட்வார்வன் கட்டி. ஆக, ஒரு ஸ்கிராப்பில் கிடைக்கும் 3 கட்டியும் ஒரு வில்லுக்குச் சரியாகப் போகும். எத்தனை ஸ்கிராப் இருக்கிறதோ அத்தனை வில், அத்தனை இரும்புக் கட்டி. வேறு கணக்கே வேண்டாம்.

ட்வார்வனில் வாள், கவசம் எல்லாம் செய்யலாமே, ஏன் வில்? வாங்கும் கட்டிக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்தால் வில்தான் மேல். கவசம் கட்டியை விழுங்கும், வாரும் கேட்கும்.

ஒரு வில்லின் எடை 10. முப்பது செய்தாலே பை நிறைந்துவிடும். உலையில் நிற்கும்வரை கவலையில்லை. சுமை மீறினாலும் அடிக்கலாம், சாணை பிடிக்கலாம், ஓட மட்டும் முடியாது. பக்கத்திலேயே கடைக்காரர் இருப்பதால் அங்கேயே தள்ளிவிடலாம்.

60 வந்ததும் ஆர்கேன் பிளாக்ஸ்மித் பெர்க்கை எடுங்கள். இது இல்லாமல் மந்திரம் ஏற்றிய பொருளைச் சீராக்க முடியாது. அதுவரை வரிசை மாறக்கூடாது: அடி, சீராக்கு, அதன் பிறகே மந்திரம் ஏற்று. முதலில் மந்திரம் ஏற்றிவிட்டால் சாணைக்கல் அந்தப் பொருளைத் தொடாது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு பங்கு எக்ஸ்பி போய்விடும்.

ஃபார்ட்டிஃபை ஸ்மிதிங் மோதிரமோ மருந்தோ உலையில் அடிக்கும்போது எதற்கும் உதவாது. சீராக்கும்போது மட்டும்தான் பலன். அடிப்பது முழுவதையும் முடித்துவிட்டு, சாணைக்கல்லுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளுங்கள்.

8. என்சாண்டிங்: சின்ன ஜெம், சின்னப் பொருள்

மந்திரம் ஏற்ற மூன்று வேண்டும்: மந்திரம் இல்லாத பொருள், நிரம்பிய சோல் ஜெம், நீங்கள் கற்ற ஒரு மந்திரம். கற்பதற்கு மந்திரப் பொருள் ஒன்றை மேசையில் அழிக்க வேண்டும். அழித்தால் பொருள் போய்விடும், ஆனால் மந்திரம் நிரந்தரமாக உங்களுடையது; நல்ல எக்ஸ்பியும் உண்டு. தொடக்கத்தில் கிடைக்கும் மந்திரப் பொருளில் புதிய வகை எதுவானாலும் விற்காமல் அழியுங்கள். முதல் சில லெவல் அதிலேயே வந்துவிடும்.

ஏற்றுவதற்குப் பெட்டி (Petty) சோல் ஜெம் போதும், அதுதான் மிக மலிவு. கிராண்ட் சோல் ஜெம்மை டாகரில் போட்டு வீணாக்காதீர்கள். அது கடைசிக் கட்டத்துக்கு.

முன்பு செய்த தங்க மோதிரங்களுக்கு வாட்டர்பிரீத்திங் கிடைத்தால் அதிர்ஷ்டம். தண்ணீருக்குள் மூச்சுவிடுவதில் கூடக்குறைய என்று ஒன்று இல்லை அல்லவா? அதனால் பெட்டி ஜெம்மில் ஏற்றினாலும் முழுப் பலன், நல்ல விலை. பூட்ஸில் மஃபிள் மந்திரத்துக்கும் இதே கதை. டாகருக்கு பேனிஷ், டர்ன் அன்டெட், பேரலைஸ் போன்றவை விலை உயர்ந்தவை.

சோல் டிராப் மந்திரம் உள்ள ஆயுதம் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருந்தால் ஜெம் வாங்கும் செலவு குறையும். ஆனால் பெரிய ஜெம் காலியாக இருந்தால் சின்ன ஆன்மாவும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓநாய் வேட்டைக்குப் போகும்போது கிராண்ட் ஜெம்மைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள். மனித ஆன்மா பிளாக் சோல் ஜெம்மில்தான் விழும், அது எப்போதும் கிராண்ட் அளவு. அசூராவின் கோயிலில் தொடங்கும் கதையின் முடிவில் பிளாக் ஸ்டாரைத் தேர்ந்தெடுத்தால், தீராத ஒரு பிளாக் ஜெம் கையில் இருக்கும்.

சார்ஜ் குறைந்த ஆயுதத்தை ஜெம்மால் நிரப்பினாலும் என்சாண்டிங் ஏறும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

என்சாண்டர் பெர்க்கில் முதல் படிக்கு மேல் 20, 40, 60, 80 என ஒவ்வொரு வாசலிலும் ஒரு படி. 50-ல் இன்சைட்ஃபுல் என்சாண்டரை எடுத்ததும் நிறுத்திவிட்டு அல்கெமிக்குத் திரும்புங்கள். ஃபார்ட்டிஃபை அல்கெமி கற்றிருந்தால் தலை, கை, கழுத்து, விரல் என நான்கு இடத்துக்கும் ஏற்றி மாட்டுங்கள். மருந்தின் வலு கூடும், விலையும் எக்ஸ்பியும் கூடவே கூடும். முன்பே மூட்டைமூட்டையாகக் காய்ச்சியிருந்தால் இந்தக் கூடுதல் கிடைத்திருக்காது. அல்கெமியைக் காக்க வைத்தது இதற்குத்தான்.

இப்போது பெரிய மருந்துகள். ஜயன்ட்ஸ் டோ (இராட்சதனின் கால்விரல்), கோதுமை, கிரீப் கிளஸ்டர் மூன்றையும் சேர்த்தால் ஃபார்ட்டிஃபை ஹெல்த், ஃபார்ட்டிஃபை கேரி வெயிட், டேமேஜ் ஸ்டாமினா ரீஜென் என மூன்று பலன். ஜயன்ட்ஸ் டோ போடும் ஃபார்ட்டிஃபை ஹெல்த் மற்றப் பொருள் போடுவதைவிடப் பல மடங்கு விலை போகும். இராட்சதனோடு மோதத் தெம்பில்லை என்றால் ஆர்கேடியாவிடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஹார்த்ஃபயர் (வீடு கட்டும் கூடுதல் தொகுப்பு) இருப்பவர்களுக்கு எளிய வழி. 5,000 காசுக்கு நிலம் வாங்கி, தோட்டத்தில் கிரீப் கிளஸ்டர், மோரா டாபினெல்லா, ஸ்கேலி ஃபோலியோட்டா மூன்றையும் சம அளவில் நடுங்கள். மூன்றும் சேர்ந்தால் ஐந்து பலன். வெளியே தேடி அலைய வேண்டாம், சில நாளுக்கு ஒருமுறை வந்து பறித்துக் காய்ச்சினால் போதும். அதே ஹார்த்ஃபயரில் அருவியில் துள்ளும் சால்மனை அடித்தால் சால்மன் ரோ கிடைக்கும். பூண்டும் நார்டிக் பார்னகிளும் சேர்த்தால் வரும் மருந்து விலையில் உச்சத்தில் நிற்கும். 70-ல் கிரீன் தம்ப் பெர்க் எடுத்தால் பறிக்கும் செடியெல்லாம் இரட்டிப்பாகும்.

9. விற்பதும், அந்தக் காசை எங்கே போடுவதும்

உண்மையான முட்டுக்கட்டை சரக்கு அல்ல, கடைக்காரரின் கல்லாப்பெட்டி. கொல்லரிடம் சுமார் 1,000 காசு, பொதுக் கடையில் 750, மருந்துக் கடையில் 500. 1,500 காசு பெறும் வில்லை நீட்டினால் இருக்கிற ஆயிரத்தைத்தான் தருவார். மோதிரமும் டாகரும் விற்கச் சுலபமாக இருப்பது இதனால்தான்.

முதலில் வாங்குங்கள், பிறகு விற்கவும். வார்மெய்டன்ஸில் இரும்புக் கட்டியையும் லெதரையும் வாங்கினால் அந்தக் காசு அவர் கல்லாவில் சேரும். அதே காசைத் திரும்ப எடுக்க உங்கள் டாகர்களைத் தள்ளுங்கள். ஃபாரெங்கரிடம் சோல் ஜெம், ஆர்கேடியாவிடம் மூலிகை, எல்லாமே இப்படிப் பண்டமாற்று மாதிரிதான் நடக்க வேண்டும்.

48 மணி நேரத்தில் கடையின் காசும் சரக்கும் புதுப்பிக்கப்படும். வெயிட் கொடுத்துக் காத்திருக்கலாம். ஆனால் தூக்கப் பலன் அதற்குள் போய்விடும். காத்திருப்பு முதலில், தூக்கம் கடைசியில். ஸ்பீச் 50-ல் மெர்ச்சன்ட் பெர்க் எடுத்தால் எந்தக் கடையிலும் எதையும் விற்கலாம்.

இனி, 1-ஆம் பகுதியில் சொன்ன ஆபத்துக்குத் தீர்வு. ஒவ்வொரு கேரக்டர் லெவலுக்கும் 5 முறை காசு கொடுத்துப் பயிற்சி எடுக்கலாம். கிராஃப்டிங்கால் லெவல் ஏற ஏற அந்த ஐந்தும் மறுபடி கிடைக்கும். அதைக் கைத்தொழிலில் போடாமல் சண்டைத் திறனில் போடுங்கள். கம்பானியன்ஸ் என்ற வீரர் குழுவில் சேர்ந்தால் அதிஸ் வாள் பயிற்சி தருவார், நியாடா கேடயம், ஏலா வில், ஃபர்காஸ் கனக் கவசம். எல்லாரும் வைட்ரனில் ஒரே கூரையின் கீழ். லெவல் 17 வரும்போது 80 பயிற்சி எடுத்திருக்க முடியும். அவ்வளவையும் எடுத்தவர் முன் எதிரி பெரிதாகத் தெரிய மாட்டான்.

காசு இல்லாதவருக்கு ரிவர்வுட்டின் ஃபேண்டல். அவரைத் துணைக்கு அழைத்து, வில் பயிற்சி எடுத்து, கொடுத்த காசை அவர் பையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 50 வரை செல்லும். நேர்மையா என்று கேட்காதீர்கள்.

கைத்தொழில் பயிற்சியாளர்களும் உண்டு: ஸ்மிதிங்குக்கு வைட்ரனின் இயோர்லண்ட், என்சாண்டிங்குக்கு மார்கார்த்தின் ஹமால், அல்கெமிக்கு ஆர்கேடியா. சரக்கு சுத்தமாகத் தீர்ந்துபோன நாளுக்கு அவர்களை ஒதுக்கி வையுங்கள்.

திறன் புத்தகம் எப்போது படித்தாலும் ஒரு லெவல் ஏறும். 15-ல் அது சில டாகருக்குச் சமம். 90-க்கு மேல் மணிக்கணக்கான வேலை மிச்சம். ஆனால் கையில் எடுத்ததுமே திறந்துவிடும், திறந்தால் தீர்ந்தது. அலமாரியில் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு பிற்பாடு வாருங்கள்.

10. கடைசிச் சுற்று

மூன்றும் 100 வந்த பிறகு உங்களுக்கான ஆயுதமும் கவசமும். இங்கேயும் வரிசை மாறினால் பலன் குறையும்.

என்சாண்டர் ஐந்து படியும் இன்சைட்ஃபுல்லும் இருந்தால், கிராண்ட் ஆன்மாவில் ஃபார்ட்டிஃபை அல்கெமி ஒன்றுக்கு 25 சதவீதம் வரும். நான்கு பொருள், 100 சதவீதம். அதை மாட்டிக்கொண்டு, சேர்த்து வைத்த புளூ பட்டர்ஃபிளை விங்கையும் ஸ்னோபெர்ரியையும் கலந்து ஃபார்ட்டிஃபை என்சாண்டிங் மருந்து செய்யுங்கள்.

அந்த மருந்தின் பலன் 30 விநாடி மட்டும். மேசைக்குப் பக்கத்தில் நின்று, கிராண்ட் ஜெம்மும் பொருளும் பையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் குடியுங்கள். குடித்ததும் மேசையைத் திறந்து, இன்னும் வலுவான ஃபார்ட்டிஃபை அல்கெமி செட் ஒன்று செய்யலாம். அதை மாட்டி அடுத்த மருந்து. இரண்டு சுற்றுக்கு மேல் ஏற்றம் மிகக் குறைவு, அங்கே நிறுத்திவிடுங்கள்.

இப்போது ஃபார்ட்டிஃபை ஸ்மிதிங் செட்: மார்பு, கை, கழுத்து, விரல். தலைக்கு இந்த மந்திரம் ஏறாது, மார்புக்கு அல்கெமி ஏறாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பிளிஸ்டர்வார்ட்டும் குளோயிங் மஷ்ரூமும் கலந்தால் ஃபார்ட்டிஃபை ஸ்மிதிங் மருந்து. செட்டை மாட்டி, மருந்தைக் குடித்து, போருக்கான வாளையும் கவசத்தையும் சீராக்குங்கள். அதன் பிறகே அவற்றுக்கு மந்திரம். எக்ஸ்ட்ரா எஃபெக்ட் பெர்க் இருந்தால் ஒரே பொருளில் இரண்டு.

ஃபார்ட்டிஃபை ரெஸ்டோரேஷன் மருந்தைக் குடித்துக் குடித்து எண்ணை எல்லையில்லாமல் ஏற்றும் தந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கேமின் ஓட்டை. எண் அளவுமீறிப் போனால் மதிப்பு எதிர்மறையாகத் திரும்பும், சேவ் கோப்பே கெடலாம். முயன்றே தீர வேண்டும் என்றால் தனிச் சேவில்.

திறனை லெஜண்டரியாக்கினால் அது 15-க்கு இறங்கும், பெர்க் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். அப்படி அல்கெமியை மறுபடி ஏற்றும்போது ப்யூரிட்டி பெர்க்கின் பக்கம் போகாதீர்கள். மருந்திலிருந்து கெட்ட பலனை அது நீக்கிவிடும், விலை குறையும், எக்ஸ்பியும் அதோடு குறையும். ஸ்மிதிங்கை இறக்கும் முன் சீராக்க வேண்டியவை எல்லாம் சீராகிவிட்டனவா, பெட்டியில் ட்வார்வன் கட்டி எத்தனை மிச்சம் என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.